காதில் விழுந்த துருவம்

செவ்வாய்க் கிரகத்தில் அரசு அறிவிப்புகள் பல் துலக்கும் நேரத்தில்தான் வரும். வாயில் நுரையோடு நிற்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். காதுக்குப் பின்னால் பதித்த மொழிச்சில்லு அதைத் தமிழாக்கிச் சொல்லும்.

அன்று பொற்கொடியின் காதுக்குள், "உங்கள் வீடு: நேரெதிர். நாளைக் காலை" என்று ஒலித்தது.

கையிலிருந்த பிரஷ் நழுவி, அந்த ஊர் வழக்கப்படி நிதானமாகத் தரையில் விழுந்தது. போன வாரம்தான் அவளும் கணவன் திருமாறனும் மனப்பொருத்தச் சோதனைக்குப் போய் வந்திருந்தார்கள். நேரெதிர் என்று முடிவானவர்களைத் தனித்தனிக் கூடாரத்தில் வைத்துவிடுவார்கள். காற்றை அளந்து கொடுக்கும் ஊரில் சண்டை போட்டு மூச்சை வீணாக்கக் கூடாதாம்.

வெளியே வந்தால், திருமாறன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். வாயில் பாட்டு வேறு.

"உங்களுக்கும் வந்திடுச்சா?"

"வந்திடுச்சு! எத்தனை வருஷமா மனுப் போட்டுக்கிட்டிருக்கேன்!"

பொற்கொடி அவன் பெட்டியையே பார்த்தாள். மனு வேறு போட்டிருக்கிறாரா?

"எனக்குப் பயமா இருக்குங்க."

"முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும். தடிச்ச போர்வையை நீயே வெச்சுக்க."

பங்கு பிரிக்கிறார் என்று நினைத்தாள். தன் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, துணிகளுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள்.

மறுநாள் காலை, கருவிப்பையோடு ஒரு இயந்திரன் வாசலில் நின்றது.

"மின்கலம் எங்கே இருக்கிறது? நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கின்றன. 'போலார்' என்று நேற்றே அறிவித்தோமே."

திருமாறனின் முகம் தொங்கிப்போனது. "வடதுருவம்னுதானே கேட்டுச்சு? எங்க ரெண்டு பேரையும் பனிநிலையத்துக்கு மாத்தலையா?"

"ரெண்டு பேரையுமா?" என்றாள் பொற்கொடி. "எனக்கு நேரெதிர்னு கேட்டுச்சே! நம்மளைப் பிரிக்கப் போறாங்கன்னு..."

"அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மின்முனை, துருவம், நேரெதிர் என்று பல பொருள் உண்டு," என்றது இயந்திரன். "கேட்பவர் மனத்தில் எது ஓடுகிறதோ, அதைத்தான் சில்லு தேர்ந்தெடுக்கும்." முனைகளை மாற்றிப் பூட்டிவிட்டுப் போய்விட்டது.

திருமாறன் அவளுடைய வீங்கிய கண்களை அப்போதுதான் பார்த்தான். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதை வாயைத் திறந்து கேக்காமப் போயிட்டோமே" என்றான். இருவரும் சில்லை அணைத்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னை விட்டுட்டு நான் எங்கடி போவேன்?"

குறுக்கே எந்தக் கருவியும் இல்லை. சொந்தத் தமிழ், ஒரு எழுத்து விடாமல் அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்போ, போக வேற இடமில்லைன்னுதான் என்கூட இருக்கீங்களா?"