ஒரு தட்டு என்றால் நில்

தேய்ந்த வண்டியில் கிளட்சை விட்டதும் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான். இந்த வண்டியில் இரண்டு வந்தது. இரண்டாவது கொஞ்சம் தாமதித்து, யோசித்துவிட்டு வந்ததுபோல வந்தது.

மெக்கானிக் மெய்லூத் அதோடு மூன்று நாளாக மாரடித்துக்கொண்டிருந்தான். என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பின்தண்டின் மூட்டுக் கிராஸை மாற்றியாயிற்று. கியர்பெட்டியைத் தாங்கும் ரப்பரை மாற்றியாயிற்று. பின்னச்சைத் திறந்து பல் பல்லாகப் பார்த்து மூடியாயிற்று. அத்தார் ஊரே மதியச் சோற்றுக்குப் பிறகு உறங்கும் நேரம். மணற்காற்று பட்டறைத் தகரத்தை விடாமல் உரசிக்கொண்டிருக்க, பழைய கிரீஸின் வாசமும் கரியடுப்பில் சுண்டிய புதினாத் தேநீரின் வாசமும் கலந்து, மஞ்சள் வெளிச்சத்தில் அசையாமல் நின்றன. அவனுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

வண்டிக்காரன் யஹ்தி பாயில் உட்கார்ந்து கோப்பைக்குக் கோப்பை மாற்றி நுரை எழுப்பிக்கொண்டிருந்தான்.

"மூணு நாள்ல நடந்தே சிங்கெத்தி போயிருப்பேன்ணே."

"போயிருக்க வேண்டியதுதானே? உன்ன யாரு இங்க கட்டிப்போட்டா?"

முன்பெல்லாம் வண்டிக்கு அடியில் படுப்பவன் லெமீன், மெய்லூத்தின் மனைவி தெஸ்லெமுக்குத் தம்பி. மெய்லூத் மேலே இருக்கையில் இருப்பான். என்ஜின் இரைச்சலில், அடியிலிருந்து கத்தினால் மேலே கேட்காது. லெமீன் ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தில், சேஸில், தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு, முன்னே. மூன்று, பின்னே. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம் லெமீன் ஒருமுறைதான் தட்டினான். மெய்லூத்துக்கு இரண்டு கேட்டது; வண்டியை முன்னே விட்டான். இன்னொன்று, தேய்ந்த கிராஸ் போட்ட சத்தம்.

ஜாக்கி நழுவிவிட்டது என்று வீட்டில் சொன்னான். தெஸ்லெம் நம்பினாள். நம்பியதோடு, அழுதுகொண்டே அவனுக்கு ஆறுதலும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு யாரையும் அவன் வண்டிக்கு அடியில் விட்டதில்லை, ஓடும் வண்டிக்கு அடியில் தானும் படுத்ததில்லை.

அந்த வண்டி வேறு. இது வேறு. மூன்று நாளாக இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசி வழியாக முன்தண்டு, பின்தண்டு இரண்டையும் கழற்றிப் பாயோரம் கிடத்தினான். இனி என்ஜின் எவ்வளவு உறுமினாலும் சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. சத்தம் நின்றுவிட்டால் கோளாறு தண்டிலோ அச்சிலோ இருக்கிறது; நிற்காவிட்டால் கியர்பெட்டியில். ஏறி, கியரைப் போட்டு, கிளட்சை விட்டான்.

டொக். சற்றுப் பொறுத்து, டொக்.

"பெட்டிதான்," என்றான் சத்தமாக. அப்பாடா என்றிருந்தது. ஆனால் பெட்டிக்குள் எந்த இடம் என்று தெரிய, அடியில் படுத்துக் காதை வைத்துத்தான் ஆகவேண்டும். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தான். யஹ்தியை இருக்கையில் ஏற்றினான். இரண்டு வருடம் சொல்லாததை நாக்கு தானாகவே சொன்னது.

"ஒண்ணு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா முன்ன. மூணுன்னா பின்னால."

"நாலு தட்டினா டீ கொண்டாரவா?"

"வாய மூடிக்கிட்டு கியரப் போடு."

அடியில் நிழல் சூடாக இருந்தது. நீண்ட திருப்புளியின் முனையைக் கியர்பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, ஸ்பேனரால் இரண்டு தட்டினான். யஹ்தி கிளட்சை விட்டான். பெட்டிக்குள் பற்கள் எண்ணெயில் வழுக்கி ஓடும் சத்தம் சீராக, சுத்தமாகக் கேட்டது. ஒரு குறையும் இல்லை.

டொக்.

அது பெட்டியிலிருந்து வரவில்லை. அவன் தலைக்குப் பின்னாலிருந்து, சேஸிலிருந்து வந்தது. இரும்பில் ஸ்பேனர் படும் சத்தம். அந்தத் தட்டின் கனம் அவனுக்குத் தெரியும். பதினோரு வருடம் கேட்ட தட்டு.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை. வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வண்டி நிற்கட்டும். ஒரு தட்டு தட்டினான்.

டொக்.

உடனே பின்னாலிருந்து இன்னொன்று.

டொக்.

"முன்னதானே? சரிண்ணே!" என்றது யஹ்தியின் குரல்.

"நான் தட்டல! யஹ்தி! நான் தட்டல!"

என்ஜின் உறுமியது. உறுமட்டும். தண்டு இல்லை. நகராது. நகரவே முடியாது. பாயோரம் இரண்டு தண்டுகளும் கிடப்பது இங்கிருந்தே தெரிந்தது. அசையாமல் கிடந்தன.

பின்சக்கரம் சுற்றியது.

அரை விரல். ஒரு விரல். அவன் தோளுக்கு நேரே, கல்லின்மேல் ஏறியது. புரண்டு விலகப் பார்த்தான். அங்கியின் தளர்ந்த துணி எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. எதில்? பின்னாலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்தமாதிரி இருந்தது. இழுத்தான். வரவில்லை.

நில். ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

கொஞ்சம் தாமதித்து, அவசரமில்லாமல், இரண்டாவது விழுந்தது.

"வர்றேன்ணே, வர்றேன்!" என்று சிரித்தான் யஹ்தி. கல்லின் உச்சியில் ஒரு கணம் நின்ற சக்கரம், இந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது.