மூன்றாம் மாடி க்ளோசப்

சூப்பர்வைசர் அரை அடி தள்ளி விழுந்திருந்தால் மணலில் விழுந்திருப்பார்.

விழுந்தது கருங்கல் ஜல்லியில்...

மூன்றாவது மாடிச் சாரத்தின் தடுப்புக் கம்பியும் பிடுங்கிக்கொண்டு அவரோடு வந்து கிடந்தது. பட்டப்பகல். பன்னிரண்டே முக்கால்.

ஒரு மணி நேரத்தில் கம்பி கட்டுபவனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. காலையில்தான் எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசரிடம் கத்தியிருந்தான்.

"பெல்ட் குடுக்காம எங்கள மேல ஏத்துறியே, ஒரு நாள் நீயே விழுவ பாரு."

அது போதாதா?

அவனுடைய அக்கா புருஷன் அதே கட்டடத்தில் வெல்டர். கழுத்தில் தொங்கும் பழைய கேமராவோடு ஸ்டேஷனுக்கு ஓடிவந்தான். பின்னாலேயே மனைவி.

"நாலு வருஷமா அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு மாரடிச்சீங்க. இன்னிக்காவது என் தம்பிக்கு உதவட்டும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"என்னய்யா?"

"என் மச்சினன் தள்ளல சார். படம் இருக்கு."

கேமராவின் திரையில், கட்டடம் முழுக்க ஒரே படத்தில். மேலே சூப்பர்வைசர், தன்னந்தனியாக. கீழே ஓரத்தில், குழாயடியில் மச்சினன். நேரம் 12.44.

"இவனுக்கென்ன, ஒட்டகம் மாதிரி காலு?"

"வைட் ஆங்கிள் சார். ஓரத்துல நிக்கிறவன இழுத்துரும். நேர்ல குள்ளம்தான்."

"சூப்பர்வைசர் எப்ப விழுந்தார்?"

"நான் கேமராவக்கூட இறக்கல சார்... விழுந்துட்டார்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். "அவன வெளிய விடு."

வாசலில் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"சூப்பர்வைசருக்கு அந்த மாடி விளிம்புல என்ன வேலை?"

"நான்தான் கம்பில சாஞ்சு நில்லுங்கன்னேன் சார். ஆள் இல்லாம எடுத்தா உயரம் தெரியாது."

"ரசனைக்காரன்தான்."

இன்ஸ்பெக்டரின் கட்டைவிரல் முந்தைய படத்துக்குத் தள்ளியது.

அந்த நொடியில்தான் வெல்டருக்கு ஞாபகம் வந்தது.

"அது வேணாம் சார்... சும்மா பழகறதுக்கு எடுத்தது..."

"என்னய்யா இது, மலையில படிக்கட்டா?"

"போல்ட் சார். அதுல சுத்திப் போற மரை. க்ளோசப்."

துருவின் ஒவ்வொரு பொடியும் தெரிந்தது. அடியில் விரித்திருந்த கைக்குட்டையின் நூலும் தெரிந்தது. நேரம் 12.20.

"எங்க இருந்த போல்ட்?"

பதினெட்டு வருஷம் இரும்போடு கிடந்தவன். எந்த போல்ட் எதைத் தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.



"கேட்டேன்ல?"

"தடுப்புக் கம்பில சார்... அங்க நிழல். கழட்டி வெயில்ல வச்சேன்."

"திரும்ப முறுக்கினியா?"

"விரலால மாட்டினேன். வெயில் மாறுறதுக்குள்ள கீழ போயி வைட் ஆங்கிள் எடுக்கணும்னு... வந்து ஸ்பேனர் போட்டுக்கலாம்னு..."

"அந்தக் கம்பிக்கு வேற பிடிமானம்?"

"அது ஒண்ணுதான் சார்."

மச்சினன் மணிக்கட்டைத் தேய்த்தபடி வெளியே வந்தான். வெல்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நீங்க மட்டும் வரலேன்னா என் கதி என்ன மாமா?"

வெல்டரால் கையை இழுக்கவும் முடியவில்லை. திருப்பிப் பிடிக்கவும் முடியவில்லை. வாசலில் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கேமராவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"உன் மச்சினன் காலி பண்ணின ரூமுக்குப் போய்யா. ரொம்பச் சின்ன ரூம்... அதுல எல்லாமே க்ளோசப்தான்."