ஏழு தொட்டிகளின் ஈரம்

ஆறு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத தொட்டி, தூக்கினால் கனத்தது.

ஹத்தூ அதை இரண்டு கைகளாலும் ஒரு விரற்கடை உயர்த்திப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினான். தொட்டியில் வளரும் கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று அறிய இதைவிட நல்ல வழி கிடையாது. காய்ந்த தொட்டி லேசாக வரும், நனைந்தது கையை இழுக்கும். இது இழுத்தது. அடியிலைகள் மஞ்சளாகிவிட்டிருந்தன. நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சள் ஓடினால் சத்துக்குறை என்று சொல்லலாம், நுனி கருகினால் உரம் மிஞ்சிவிட்டது எனலாம். இங்கே இலை முழுவதும் வெளிறி, காம்பு தொங்கி, மண்ணின் மேல் பாசி படர்ந்து, குனிந்தால் தேங்கிய குட்டை வாசம் வந்தது. தண்ணீர் மிஞ்சி வேர் மூச்சுத் திணறும் செடி இப்படித்தான் இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஊற்றியது யார்?

வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. பிள்ளை இல்லாத வீடு; மனைவி மிமூந்த் மாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மொராக்கோவின் இந்த ரிஃப் மலைச் சரிவு முழுக்க இப்போது வெளிநாட்டு விதைதான், கிணறு கிணறாகக் குடிக்கிற விதை. மழையை மட்டும் நம்பி வளர்கிற நாட்டு விதை அவளிடம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. காய்ச்சலில் படுத்த கடைசி வாரத்தில் விதைப்பையை அவன் கையில் திணித்து, இதை மட்டும் விட்டுடாதே என்று கேட்டுக்கொண்டாள். மழை பொய்த்த ஆண்டு. அதனால் ஏழு தொட்டிகளை முற்றத்தில் வைத்தான். ஆறு பெண் செடி, ஒரு ஆண். ஊரில் எல்லோரும் ஆண் செடியைக் கண்டதும் பிடுங்கி எறிவார்கள். அவனுக்கு விதை வேண்டும், எனவே விட்டுவைத்தான். ஆடி முடிவதற்குள் விதை பிடிக்காவிட்டால் அவள் வித்து அத்தோடு முடிந்தது.

மண்ணுக்குத்தான் திண்டாடினான். வயல் மண்ணெல்லாம் உரம் தின்று உப்புப் பூத்துக் கிடந்தது. கலப்பையும் உரமும் படாத மண் ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு, செத்தவர்களை அடக்கம் செய்கிற மையவாடியில். மிமூந்தின் கபர்க்குழியைத் தோண்டியபோது மிஞ்சிய மண் பக்கத்திலேயே குவியலாகக் கிடந்தது. வீணாய்த்தானே போகிறது, அவள் விதை, அவள் மண் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நான்கு மூட்டை அள்ளி வந்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

கழுதைக்குக் கூடப் பேச்சுத்துணை உண்டு, எனக்கு இல்லை என்று ஒருநாள் தொட்டிகளிடமே சொன்னான். அவரைக் கஞ்சியும் ரொட்டியும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான் தின்பான். இலை மஞ்சளாவதைப் பார்க்கப் பார்க்க அவளையே இரண்டாம் தடவை சாகக் கொடுப்பது போல் இருந்தது. ஆனமட்டும் பார்த்தான். தொட்டிகளின் அடியில் இன்னும் மூன்று துளை போட்டான். கதவைப் பூட்டினான். தொட்டிகளைச் சுற்றிச் சாம்பல் தூவினான். சாம்பலில் ஒரு பூனைத் தடம்கூட விழவில்லை, தொட்டி மட்டும் மறுபடி கனத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேரே வந்து தாழிட்டு, நட்டநடு வெயிலில் முற்றத்துச் சுவரோரம் உட்கார்ந்தான். கீழ்க்காற்று அடங்கியிருந்தது. ஆடுகள்கூடக் கத்தவில்லை. எங்கோ ஒரு கதவு கிறீச்சிட்டு நின்றபின் முற்றத்தில் அவன் மூச்சு மட்டும் கேட்டது, அப்புறம் அதன் கீழே இன்னொரு சத்தம், குடத்துக்குள் தண்ணீர் இறங்குவது போன்ற களகளப்பு. முதல் தொட்டியின் மண் கறுத்தது. மேலிருந்து அல்ல, அடியிலிருந்து. தண்டைச் சுற்றித் தெளிந்த நீர் ஊறி விளிம்பு வரை நின்றது. அதில் நாரத்தைப்பூப் பன்னீர் மணத்தது. அவள் போனபின், நாலு மாதத்துக்கு மேலாக, அந்த வாசம் அவன் வீட்டுக்குள் வந்ததில்லை.

சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக் கிழவி ஃபத்தூஷ். கையில் காலி பாட்டில், முக்காட்டில் அதே பன்னீர் வாசம்.

"மிமூந்து கபருக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன் தம்பி. வாரா வாரம் நான்தான் ஊத்தறேன். புருஷன்னு ஒருத்தன் இருக்கான், எட்டிக்கூடப் பாக்கறதில்ல. ஊத்த ஊத்த உள்ள இழுத்துக்குது, அப்படி ஒரு தாகம் அவளுக்கு."

அவன் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஊற்றியதுதான் இங்கே ஊறுகிறது. எந்த மண் என்று எப்படிச் சொல்வான், யாரிடம் சொல்வான்? இன்னும் இரண்டு வெள்ளி இப்படிப் போனால் வேர் அழுகி ஏழும் சாகும் என்பது மட்டும் தெரிந்தது.

"இனிமே நான் பாத்துக்கறேன் பாட்டி. நீங்க ஊத்த வேண்டாம்."

"சத்தியமா போவியா? செத்தவ வாயக் காய விடக்கூடாது."

போவேன் என்றான். போகவில்லை.

இரண்டு வெள்ளி கழிந்தது. பாசி உதிர்ந்தது, தொட்டி லேசானது, புதுத்தளிர் கரும்பச்சையாக விறைத்து நின்றது. ஆண் செடி மகரந்தத் தூளை உதிர்த்தது. பெண் செடிகள் பூத்தன. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

மூன்றாம் வெள்ளி மத்தியானம் இலை விளிம்புகள் மொறுமொறுவென்று சுருண்டன. தூக்கிப் பார்த்தான். தொட்டி காகிதம் போல் வந்தது. இது தாகம்தான். நல்லவேளை, வைத்தியம் தெரிந்த நோய் என்று ஒரு செம்பு ஊற்றினான்.

மறுபடி தூக்கினான். கனம் ஏறவில்லை.

இன்னொரு செம்பு. ஒரு குடம். அடித்துளைகளில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, கீழே வைத்த தட்டு காய்ந்தே இருந்தது. தண்ணீர் விழும், மறையும். கழுதையில் ஏற்றி வந்த நான்கு கேன் தண்ணீரும் ஏழு தொட்டிக்குள் போயின. கிணறு வற்றி எத்தனையோ நாளாயிற்று. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.

காதை மண்ணருகே கொண்டுபோனான்.

விழுங்குகிற சத்தம். நிதானமாக. தொண்டை ஏறி இறங்குகிற சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

தண்டின் பக்கத்தில் மண் பிளந்தது. சின்ன வெடிப்பு. விரல் நுழையும் அளவு. மூடியது. திறந்தது.

"மிமூந்த்," என்றான். "தண்ணி இல்லடி."

கை தானாக நீண்டது. நெற்றி வியர்வை வழிந்து ஈரமான விரல். உள்ளே விட்டான்.

காய்ச்சலில் வெடித்த உதடுகள். அவனுக்குத் தெரிந்த உதடுகள். சுற்றி மூடிக்கொண்டன. சப்பத் தொடங்கின.

வலித்தது. ரத்தம் இறங்குவது தெரிந்தது. இழுத்துவிடலாம். ஐந்து மாதத்தில் அவனைத் தொட்ட ஒரே வாய். இழுக்க மனம் வரவில்லை.

வெயிலில், அவனைச் சுற்றி, மற்ற ஆறு தொட்டிகளிலும் மண் மெல்லப் பிளந்தது.