மூன்றாவது தலை

கொடைக்கானல் மலையில் பூண்டியைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும் மண்பாதையின் கடைசியில் அந்தக் கல்வீடு இருந்தது. ஜெயச்சந்திரன் அங்கே போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்துகூட ஆகவில்லை. அதற்குள் மூடுபனி ஏறி வந்து வீட்டின் கீழ்ப்பாதியை விழுங்கிவிட்டிருந்தது. ஓட்டுக்கூரை மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து இருபத்தெட்டு வீடு ஏறி இறங்கியாயிற்று. இதுதான் கடைசி. வடக்கே எல்லையில் சண்டை மூண்டிருந்த மே மாதம் அது. விமானம் வந்து குண்டு போட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கத் தன்னார்வலர்கள் கேட்டார்கள். ஊரில் இவன் ஒருவன்தான் கை தூக்கினான். ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றும் நோட்டீஸ் கட்டு ஒன்றும் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏழரை முதல் எட்டு வரை ஒத்திகை. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். ஊதியதும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் ஒரே அறைக்குள் போய்விட வேண்டும். போனதும் தலையை எண்ண வேண்டும்.

டீக்கடையில் அவனை ஓட்டாத ஆளில்லை.

"ஏலே ஜெயச்சந்திரா, அம்புட்டுத் தூரம் பெட்ரோலப் போட்டு வந்து நம்ம கேரட்டு மேலயா குண்டு போடப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். வேறு என்ன செய்வது? குண்டு விழும் சத்தத்தைக் காதால் கேட்டவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். அவனுடைய அம்மா வேலுத்தாய் இன்னொருத்தி. அவளும் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கல்வீட்டின் கதவைத் திறந்தவர் குருநாதன். பழனி அடிவாரத்தில் நாற்பது வருஷம் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். மகன் இங்கே பூண்டுக்காட்டைக் குத்தகைக்குப் பிடித்ததும் கூடவே வந்துவிட்டார். மலைக்குளிருக்கு இன்னும் பழகவில்லை. கம்பளிக் குல்லா காதுவரைக்கும் இறங்கியிருந்தது. பின்னால் மருமகள் புவனா நின்றாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு ஆறு வயது தமயந்தி. தமயந்தியின் கையில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி.

"வீட்டுல எத்தன பேருங்க?"

"இன்னைக்கு மூணு பேருங்க. அவரு லோடு ஏத்திக்கிட்டு மருதைக்குப் போயிருக்காரு" என்றாள் புவனா.

சரிவில் கட்டிய வீடு என்பதால் அடியில் ஒரு கீழறை இருந்தது. மூன்று பக்கமும் கற்சுவர், ஒரு பக்கம் பலகைக் கதவு. உள்ளே பூண்டுக் கொத்துகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கைத் துளைத்தது. ஜெயச்சந்திரன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"இதவிட நல்ல எடம் கெடைக்காது. இங்கயே வந்துருங்க. சுவரோரமா உக்காந்து, காதப் பொத்தி, வாயக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கணும். டார்ச்சு ஒண்ணு, குடிக்கத் தண்ணி, அம்புட்டுத்தான்."

"தண்ணிக் குடத்த இப்பவே கொண்டாந்து வச்சுரட்டுங்களா?"

"குடம் வேணாம்!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான். குழந்தை திடுக்கிட்டுப் பார்த்தது. அவன் குரலைத் தணித்துக்கொண்டு, "பாட்டில்ல வச்சுக்கங்க. அதுதான் வசதி" என்றான்.

தமயந்தி பூனைக்குட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு?"

"அதயும் மறக்காமக் கூட்டிட்டு வரணும் பாப்பா. வீட்டு உசுரு ஒண்ணக்கூட வெளிய விடக் கூடாது."

தமயந்தி பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

அவன் கிளம்பும்போது புவனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்களும் எட்டு மணி வரைக்கும் இங்கயே இருங்களேன். ஆம்பள தொண இல்ல, மாமாவுக்கும் முடியல. இருட்டுன்னா எனக்குப் படபடன்னு வருது."

அவனுக்கு வீட்டில் காத்திருக்கும் சோலி எதுவும் இல்லை. சோறு வடித்தாலும் ஒரு தட்டு, வடிக்காவிட்டாலும் அதே தட்டு. இருங்களேன் என்று ஒருவர் அவனிடம் சொல்லி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

புவனா கொடுத்த டீயோடு வாசற்படியில் காத்திருந்தான். பள்ளத்தில் ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. கேரட் கழுவும் தொட்டியில் குழாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கீழேயிருந்து கேட்டது. தண்ணீர் சத்தம் கேட்டால் அவனுக்கு அந்த ஞாபகம் வராமல் இருக்காது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இலங்கையில் வவுனியாவுக்குப் பக்கத்தில், அவனுக்கு ஒன்பது வயது. கலவரத்தில் அடிபட்டுத் தேயிலைத் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம். குடிசைக்குப் பின்னால் அப்பா அழகையா குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியிருந்தார். மேலே வரிசையாக அடுக்கிய பனங்குற்றி, வாய்க்கு ஒரு கனத்த பலகை. பலகையை இழுத்து மூடுவது அப்பாவின் வேலை. உள்ளே விளக்கு ஏற்றக் கூடாது. ஆகையால் இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிச் சொல்வது அவனுடைய வேலை. அம்மா ஒன்று. சின்னத்தாயி அத்தை இரண்டு. ஐந்து வயதுத் தங்கச்சி ஜோதிமணி மூன்று. எண்ணி முடித்து, "எல்லாரும் வந்தாச்சுப்பா" என்று அவன் சொன்னால்தான் பலகை இழுபடும்.

அன்றைக்கு ஜோதி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். விமானம் வந்துவிட்டது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். இருட்டில் அவன் தொட்டான். ஒன்று. இரண்டு. மூன்றாவதாகக் கைக்குப் பட்டது உருண்டையாக, சில்லென்று, ஈரமாக இருந்தது. குளித்த தலை என்று நினைத்துக்கொண்டான்.

"எல்லாரும் வந்தாச்சுப்பா."

பலகை மூடியது. குண்டு விழுந்தது. பூமி குலுங்கிய குலுக்கலில் அந்த மூன்றாவது தலை சரிந்தது. அதிலிருந்து தண்ணீர் கொட்டி அவன் காலை நனைத்தது.

ஈரத்துண்டு சுற்றிய தண்ணீர்க் குடம்.

அப்பா தீக்குச்சி கிழிப்பதற்குள் அவன் துண்டை உருவி ஒளித்துவிட்டான். "நான் எண்ணயில இருந்தா. பலக மூடுறதுக்குள்ள வெளிய ஓடிட்டா" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ! படகேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கேயே அப்பாவையும் அத்தையையும் பறிகொடுத்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பொய் கூடவே வந்தது. அம்மா சாகும்வரை ஜோதியைத்தான் திட்டினாள். "சொன்ன சொல்லக் கேக்காம ஓடுனாளே, பாவி மக!" திட்டிவிட்டு அழுவாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

ஏழரைக்குச் சங்கு ஊதியது.

வீட்டு விளக்கு அணைந்தது. பனியும் இருட்டும் ஒன்றாகிவிட்டன. கால்கள் படியிறங்கும் சத்தம், குருநாதனின் இருமல், புவனாவின் வளையல் சத்தம். கடைசியாக உள்ளே வந்த ஜெயச்சந்திரன் கதவில் கை வைத்தபடி நின்றான்.

"யாரும் பேச வேணாம். நான் தல எண்ணிக்கிறேன்" என்று கிசுகிசுத்தான்.

முப்பத்தைந்து வருஷமாக அவன் யார் தலையையும் தொட்டு எண்ணியதில்லை. கோணிச் சாக்குகளுக்கு நடுவே தடவித் தடவி நகர்ந்தான்.

கம்பளிக் குல்லா. "ஒண்ணு."

எதிர்ச்சுவர் ஓரமாகப் பின்னல், தலையில் போட்ட முந்தானை. "ரெண்டு."

இன்னும் கொஞ்சம் தள்ளி, கதவுக்குப் பின்மூலையில், தாழ்வாக ஒரு சின்னத் தலை.

"மூணு. எல்லாரும்..."

விரல்களை முடிக்குள் விட்டுப் பார்த்தான்.

தலை ஈரமாக இருந்தது.

பூண்டு நெடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நனைந்த துண்டின் வாடை அடித்தது. கூடவே, இந்த மலையில் எங்கும் இல்லாத, உவர்க் கிணற்றுத் தண்ணீரின் வாடை.

"அம்மா... பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்துனீங்களா?"

"இல்லியே. சளின்னு ஒரு வாரமா ஊத்தல" என்று புவனாவின் குரல் எதிர்ச்சுவரிலிருந்து வந்தது. "ஏங்க? அவ தாத்தாகிட்டதான இருக்கா?"

"எங்கிட்ட எங்கம்மா இருக்கா? உங்கூடத்தான் எறங்குனான்னு நெனச்சேன்" என்றார் குருநாதன்.

ஜெயச்சந்திரனின் கை இன்னும் அந்தத் தலையின் மேல்தான் இருந்தது.

உள்ளங்கைக்கு அடியில் அந்தத் தலை மெல்லத் திரும்பியது.

மணிக்கட்டில் சில்லென்று மூச்சுக்காற்று பட்டது.

"அண்ணே. நான் ஓடல."

அவன் கதறிக்கொண்டே கையை இழுத்து டார்ச்சை அழுத்தினான். மூலையில் கல்லும் மண்ணும்தான் இருந்தன. தரையில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் தேங்கியிருந்தது. அதைப் பார்த்த மறு கணமே அவனுக்கு வேறொன்று உறைத்தது. உள்ளே மூன்று தலை இல்லை. இரண்டுதான். இந்த வீட்டுப் பிள்ளை வெளியே இருக்கிறது. பூனைக்குட்டியைக்கூட வெளியே விடாதே என்று பிள்ளையிடம் சொன்னவனும் அவனேதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். சங்கு இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கொடைக்கானல் மலை முழுக்க ஒரு விளக்கு இல்லை. டார்ச் வெளிச்சம் பனியில் இரண்டடிக்கு மேல் போகவில்லை. அந்த ஊளைக்கு நடுவே பூனைக்குட்டி கத்தியது.

தொட்டிப் பக்கம்.

பாசி பிடித்த விளிம்பில் குட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு சின்னக் கை ரப்பர் குழாயைப் பிடித்திருந்தது. அவன் குப்புற விழுந்து அந்தக் கையைப் பிடித்தான். அள்ளித் தூக்கி மாரோடு அணைத்தபோது தமயந்தியின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவள் இருமினாள், பிறகு வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

பின்னாலேயே ஓடி வந்த புவனா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அடித்தாள், முத்தமிட்டாள், மறுபடியும் அடித்தாள். குருநாதன் குல்லாவைக் கழற்றிப் பேத்தியின் தலையைத் துவட்டினார். எட்டு மணிக்கு விளக்கு வந்ததும் புவனா அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லவேள நீங்க சரியா எண்ணுனீங்க. இல்லாட்டி என் புள்ள..."

அவன் கையை இழுத்துக்கொண்டான். அவன் சரியாக எண்ணவில்லை. இந்தத் தடவையும் மூன்று என்றுதான் சொன்னான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மேட்டில் இருந்த தன் வீட்டுக்கு அவன் ஏறி வந்தபோது பனி விலகியிருந்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அம்மாவின் கயிற்றுக் கட்டில் தை மாதம் போட்டது போட்டபடி கிடந்தது. விளக்கைப் போட்டான். பிறகு தானே விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே ஒரு முழ அகலத்துக்குத் தரையில் விழுந்திருந்தது.

"அம்மா" என்றான் வெறும் கட்டிலைப் பார்த்து. "ஜோதி ஓடலம்மா. அவ உள்ள வரவே இல்ல. நான்தான் குடத்தத் தொட்டு எண்ணிட்டேன். அவளத் திட்டாத."

சொல்லிவிட்டான். எத்தனை எளிதாக இருந்தது! கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லாத இந்த வீட்டில் சொல்ல முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

அழுது ஓய்ந்தபோது அந்த வாடை வந்தது.

நனைந்த துண்டு. உவர்க் கிணறு.

அவன் ஓடவில்லை. தன் தலையில் கை வைத்தான். அந்தக் காலத்தில் அவன் தன்னை எண்ணிக்கொண்டதே இல்லை.

"ஒண்ணு."

கையை இருட்டுக்குள் நீட்டினான். வெகுநேரம் ஒன்றும் தட்டுப்படவில்லை. கை வலிக்கத் தொடங்கியது. அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.

ஈரக் கூந்தல் உள்ளங்கையில் வந்து ஒண்டியது.

இந்தத் தடவை அவன் கையை எடுக்கவில்லை. விரலால் மெல்லத் தடவினான். நெற்றி, புருவம், சின்ன மூக்கு. குடம் இல்லை.

"ரெண்டு" என்றான். "எல்லாரும் வந்தாச்சுப்பா."

தலைக்கு மேலே, தகரத்தின் மீது, கனத்த பலகை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

தரையில் கிடந்த வெளிச்சம் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாயிற்று. ஒரு விரற்கடை ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை.