தலையாட்டியவள்

சுவரை அடைத்து நின்ற எல்.இ.டி. திரையில், ஊர்ச் சாலைக் கேமராக்களின் கட்டங்களில் ஒன்று மட்டும் மங்கிக் கிடந்தது. கட்டுப்பாட்டு அறையின் ஏ.சி. இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் தலையை வலிக்கச் செய்ய, அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சுரங்கச் சாலையின் நடுப்பகுதி. யாரும் நடக்கக் கூடாத ஓரத்தில் ஒரு பெண். இடது தோளைச் சாய்த்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

போன மாதம் அதே இடத்தில் ஸ்கூட்டரோடு நசுங்கிப்போன தங்கை பாப்பா அப்படித்தான் நிற்பாள்.

"ரோந்து வண்டி, நடுவுல யாரோ நிக்கிறாங்க. பாருங்கண்ணே" என்றாள் வயர்லெஸ்ஸில்.

டிரைவர் வந்து இறங்கி, அந்தப் பெண்ணை உரசியபடியே நடந்தார்.

"ஒருத்தரும் இல்லம்மா. நீ இன்னும் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கலாம்."

வண்டி போய்விட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். பாப்பாவேதான்.

அவள் அறிவிப்பு மைக்கை இழுத்தாள்.

"ஏன்டி இன்னும் அங்கயே நிக்கிற? வீட்டுக்குப் போடி. அம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கா."

பாப்பாவின் முகம் கோணியது. வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால், இருட்டில் எதுவோ அசைந்தது. சுரங்கத்தின் வெளி வாசலை நோக்கிப் போனது.

அடுத்த கட்டம் இருண்டு தெளிந்தது. அதற்கடுத்தது. மேம்பாலம். கடைத்தெரு. அவர்கள் வீட்டுத் தெரு.

போன் அடித்தது.

"பாப்பா வந்துட்டாடி!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "கதவத் தட்டுறா. அவ குரல்தான்!"

"தொறக்காதம்மா! அது பாப்பா இல்ல!"

"பெத்தவளுக்குத் தெரியாதா? இருடி கண்ணு, வந்துட்டேன்..."

தாழ்ப்பாள் விலகியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

திரையில் பாப்பா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது பக்கத்தில் இன்னொருத்தி. வெறுங்கால். கலைந்த நரைமுடி. அம்மா.

போனில் யாரோ மூச்சுவிட்டார்கள். அப்புறம் அம்மாவின் குரல், அதே பாசத்தோடு, அதே அழுகையோடு கேட்டது.

"பாப்பா வந்துட்டாடி. நீயும் சீக்கிரம் வீட்டுக்கு வா."

சுரங்கத்தில் அம்மாவும் பாப்பாவும் கையைக் கோத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். இருவரும் வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.