புரை முத்தட்டும்

கண் ஆஸ்பத்திரிக்குக் காலை ஏழரைக்கே போய்விட்டோம். நர்ஸ் பெண் என் நெற்றியில், வலது கண்ணுக்கு மேலே, பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். எந்தக் கண் என்று ஆபரேஷன் அறையில் குழப்பம் வரக்கூடாதாம்.

"அழிச்சிடாதீங்கம்மா. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? புரை முத்தட்டும்னு இருந்தீங்களா? அதெல்லாம் அந்தக் காலம்."

பக்கத்தில் நின்ற என் கணவர் முகம் வாடியது. "இவ அக்காவுக்கு டாக்டரே அப்படித்தான் சொன்னாராம்," என்றார்.

நான் அவரைப் பார்க்காமல் கைப்பையைத் துழாவினேன்.

அவர் முதலில் அக்காவின் கணவர். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபோது, துணைக்கு என்று அந்த வீட்டுக்குப் போனவள் நான். பரிசோதனை முடிந்து அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு விளக்கினார். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது, அதை எடுத்துப் புதுசு வைத்தால் பார்வை வந்துவிடும், உடனே செய்யலாம் என்றார். வீட்டில் நான் சொன்னது வேறு.

"முத்தட்டுமாம். அவசரமில்லையாம்."

ஏன் சொன்னேன்? பொறாமை. மழுப்ப என்ன இருக்கிறது? சின்ன வயதிலிருந்தே புதுசு அவளுக்கு, அவள் கட்டிக் கழித்தது எனக்கு. அத்தான் அவள் கையைப் பிடித்துப் படி இறக்கி விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவளுக்குக் கண் தெரியாத வரை அவரை நான் ஆசை தீரப் பார்க்கலாம் என்றும் ஒரு கணக்கு.

ஒரு மத்தியானம் அவர் இல்லாதபோது தனியாக இறங்கினாள். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை எட்டி வைத்தாள். இன்னும் எட்டுப் படி இருந்தது.

அடுத்த வருஷம் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மேஜையில் வைக்கிறார். செத்துப் போனவளைப் பார்த்தும் வயிறெரிகிற ஜென்மம் நான்.

ஆபரேஷனில் வலியே இல்லை. முகத்தை மூடிய துணியில் ஒரு ஓட்டை. அதற்கு மேலே கண் கூசும் வெளிச்சம். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜில்லென்ற கை. தலைவலித் தைல வாசனை.

அக்கா தடவுகிற தைலம்.

"கையை விடச் சொல்லுங்க," என்று முனகினேன்.

"யாரும் பிடிக்கலையேம்மா. ஆடாம படுங்க," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். சுவர் அத்தனை வெள்ளையா! அவர் முகத்தில் இருந்த சுருக்கங்களை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, முன்பே வாங்கி மாடியில் வைத்திருந்த சொட்டு மருந்தை எடுத்து வரப் போனார். கட்டிலுக்கு நேர் எதிரே அக்கா விழுந்த அதே மாடிப்படி.

படியில் ஒரு ஆள் நின்றது.

வலது கண்ணை மூடினேன். இடது கண்ணில் பழைய மங்கல்தான். மறுபடி திறந்தேன்.

கீழேயிருந்து எட்டாவது படி.

அக்கா.

அவள் கண்ணில் அந்தப் பால் வெளுப்பு இல்லை. தெளிந்த கறுப்பு விழி இரண்டும் என்னையே பார்த்தன.

இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் சேர்ந்து, நிதானமாக இறங்குகிற சத்தம். என்னை அறியாமல் எண்ணினேன்.

எட்டு.

கண் திறந்தபோது அவர் மட்டும் மருந்தோடு கட்டிலருகே நின்றார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. எனக்காக ஒரு நாளும் வராத கனிவு. அந்தப் பயத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடது கண்ணுக்கு அடுத்த மாசம் நாள் குடுத்தாங்கல்ல? வேணாம்னு போன் பண்ணிடறேன்."

"ஏன்?"

"நீதானே சொன்னே? முத்தட்டுமாம், அவசரமில்லையாம்னு."

"நான்... எப்ப சொன்னேன்?"

"இப்பத்தான். படியில நின்னுக்கிட்டு. கையைப் பிடிச்சு இறக்கி விடுங்கன்னு கேட்டியே." தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "ஆமா, என்ன தைலம் தடவினே?"

வந்து படுத்ததிலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை.

படியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். கட்டிலில், எனக்குப் பக்கத்தில், மெத்தை மெதுவாக அமுங்கியது.