ஓட்டைப் பரிசல்

பரிசல் மறுபடியும் ஓட்டையாகவே வந்தது.

பானுமதி அத்தை அச்சைப் பிரித்து, உள்ளே இருந்த குட்டிப் பரிசலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில், நட்டநடுவே ஒரு துளை. அதன் வழியே அத்தையின் கண் தெரிந்தது.

“இது பரிசல் இல்லீங்க அத்தே, வடை” என்றாள் காவேரி.

யுவராணி சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

யுவராணிக்கு வயது பத்து. வீடு அதியமான்கோட்டையில். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் ‘சுண்டுவிரல் பொம்மைகள்’ என்ற கம்பெனி நடந்தது. கம்பெனி என்றால் அப்பா மாதவராஜும் அவருடைய தங்கை பானுமதியும்தான். முதலாளியும் அவர்களே, தொழிலாளியும் அவர்களே. காவேரி பக்கத்து வீட்டுப் பெண். காலாண்டு விடுமுறை விட்டதும் காலைச் சாப்பாடு தவிர மற்றதெல்லாம் அவளுக்கு இங்கேதான்.

மேசைமேல் பலகை விரித்து, பகடை உருட்டி விளையாடுகிறவர்களுக்காக அங்கே சுண்டுவிரல் உயரப் பொம்மைகள் தயாராயின. அப்பா களிமண்ணில் ஒரு பொம்மையைச் செய்வார். அதைச் சுற்றிச் சிலிகானை ஊற்றி, ரப்பர் போன்ற அச்சு எடுப்பார். அந்த அச்சுக்குள் ரெசின் என்ற திரவத்தை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கல்போல இறுகிவிடும். பிரித்தால் பொம்மை. வாங்குகிறவர்கள் தாங்களே வண்ணம் தீட்டிக்கொள்வார்கள்.

முதலில் வெளிவந்த பொம்மைத் தொகுப்பு ‘வாரச்சந்தை’. அதில் ஆட்டுக்கிடாவின் கொம்பு ஒடிந்துகொண்டே இருந்தது. அப்பா கிடாவைத் தலைகுனிய வைத்துக் கொம்பைக் கழுத்தோடு ஒட்டிவிட்டார். அடுத்தது ‘சாலையோரம்’. அதில் ஒரு டீ மாஸ்டர் கையை உயரத் தூக்கி டீ ஆற்றினார். கூரியரில் போய்ச் சேர்ந்த ஊர்களில் எல்லாம் டீ பாதியில் முறிந்து கிடந்தது. அதன்பிறகு மாஸ்டர் கையைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த டீயக் குடிச்சா வாய் வெந்துரும்” என்றாள் அத்தை.

இப்போது வரவேண்டியது ‘பரிசல்துறை’. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மீன் வறுக்கிற அம்மா, பெரிய மிதவைச் சட்டைக்குள் காணாமல் போன ஒரு குழந்தை, துடுப்புடன் பரிசல்காரர் எல்லாரும் தயாராக மேசைமேல் காத்திருந்தார்கள். அவர்கள் ஏறுவதற்குப் பரிசல்தான் இல்லை.

“மெதுவா ஊத்திப் பாத்தாச்சு. தட்டித் தட்டி ஊத்தியும் பாத்தாச்சு” என்றாள் அத்தை. “அச்சுல பவுடர் தூவினா காத்துக் குமிழி வராதுன்னாங்க. அதையும் தூவினேன். இப்ப ஓட்டை மணக்குது, அவ்வளவுதான்.”

“ஓட்டையை அடைச்சு அனுப்பக் கூடாதாங்கப்பா?” என்று கேட்டாள் யுவராணி.

“அடியில மூங்கில் பின்னல் செதுக்கியிருக்கேன். பூசினா அந்த இடம் மட்டும் மொழுமொழுன்னு தெரியும். வாங்கறவங்க முதல்ல கையில எடுத்துக் கவுத்துத்தான் பாப்பாங்க.”

அப்பா அவ்வளவு பேசியதே அதிகம். அப்போது அவருடைய போன் ஒலித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சன்னல் வழியே பேச்சு கேட்டது.

“ஆமாங்க சார்... பழைய டிபார்ட்மென்ட்டே போதுங்க... இல்லீங்க, இன்னும் முடிவு பண்ணலீங்க. வெள்ளிக்கெழமை சரக்கு போச்சுன்னா இங்கயே இருந்துருவேன். போகலைன்னா திங்கக்கெழமை வந்துர்றேன்.”

யுவராணி சன்னலருகே போய் நின்றாள்.

ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்பா முன்பு வேலை பார்த்தார். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். யுவராணி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்துபோனாள். அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து இந்தக் கொட்டகையைப் போட்டார். அதைப்பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

“அத்தே, வெள்ளிக்கெழமை என்ன?”

“பெங்களூரு கடைக்குப் பெட்டி போற நாளு. தவறினா நமக்கு ஒதுக்கின அலமாரியை வேற கம்பெனிக்குக் குடுத்துருவாங்களாம்.” அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். “உனக்கெதுக்கு அதெல்லாம்? போய் வெளையாடுங்க. இந்த வடைங்களையும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

இருவரும் ஓட்டைப் பரிசல்களை அள்ளிக்கொண்டு கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள்.

காவேரி ஒன்றைத் தண்ணீரில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, நிதானமாக மூழ்கியது.

“எல்லாரும் செத்தாங்க” என்றாள் காவேரி.

“சும்மா இருடி.”

யுவராணி ஒரு பரிசலை எடுத்து, ஓட்டையை விரலால் மூடி, கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். அது இறங்க மறுத்தது. உள்ளே அடைபட்ட காற்று மேலே மேலே தள்ளியது. விரலை எடுத்தாள். ஓட்டை வழியே ‘புளுக்’ என்று ஒரு குமிழி வெளியே வந்தது. பரிசல் சட்டென்று உள்ளே இறங்கியது.

“ஐ, ஏப்பம் விடுது! எங்கிட்டக் குடு, நான் விடறேன்” என்றாள் காவேரி.

யுவராணி கொடுக்கவில்லை. மறுபடி மூடினாள், அமுக்கினாள், விரலை எடுத்தாள். புளுக். பிறகு பரிசலை நிமிர்த்தி வைத்து, ஓட்டையை மூடியபடியே அமுக்கினாள். விளிம்பு வழியே தண்ணீர் தாராளமாக ஏறியது. அடைபடக் காற்றே இல்லை.

“காவேரி, கவுத்து வெச்சா காத்து எங்கடி போய் நிக்குது?”

“மேல.”

“கவுத்து வெச்ச பரிசலுக்கு மேல எது?”

“அடிப்பாகம். ஏன்டி, பரீட்சையா வெக்கிற? லீவு விட்டிருக்காங்க.”

யுவராணி ஒரு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

“அங்கயே நில்லு!” என்று அப்பா கத்தினார். “தண்ணிய உள்ள கொண்டாராத. ரெசின்ல ஒரு சொட்டு பட்டாலும் நுரைச்சுக்கும்.”

அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். “அப்பா, அச்சுக்குள்ள பரிசல் எப்படி இருக்குது? நிமிந்தா, கவுந்தா?”

“கவுந்துதான்.”

“ஏங்கப்பா?”

அப்பா அச்சைத் திருப்பிப் பார்த்தார். அவர் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை. ஆற்றங்கரையில் பரிசல்களை எப்போதும் கவிழ்த்துத்தான் வைத்திருப்பார்கள். தலையில் தூக்கிப் போகும்போதும் கவிழ்த்துத்தான். பரிசல் செய்ய உட்கார்ந்ததும் அவருடைய கை அதைத் தானாகவே கவிழ்த்து வைத்துவிட்டது.

“பரிசல்னா... கவுத்துத்தானே வெப்பாங்க” என்றார் கடைசியில்.

“ஆத்துல விடறப்ப?”

அத்தை களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

யுவராணி வாளிக்குள் பரிசலைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினாள். புளுக். அப்பா கிட்ட வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “இன்னொரு தரம் பண்ணு” என்றார். பண்ணினாள். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓரத்துல ஊத்தற ரெசின் கீழேருந்து ஏறுது. காத்து மேல போய் மாட்டிக்குது. அதான் அந்த இடத்துல ஓட்டை” என்றார் மெதுவாக.

“அப்ப அச்சைத் திருப்பிப் போட்டு ஊத்தலாமுங்களா?”

“திருப்பினா மேல இருக்கற ஊத்தற வழி கீழ போயிரும். விளிம்புக்குப் புது வழி வெட்டணும். ஒண்ணு ஊத்த, இன்னொண்ணு காத்து வெளிய போக.” அவர் அச்சைக் கையில் எடுத்தார். “இருக்கறதே இது ஒண்ணுதான். சிலிகான் தீந்துபோச்சு. சென்னையிலிருந்து அடுத்த வாரம்தான் வரும். தப்பா வெட்டினா இதுவும் போச்சு.”

“வெட்டின எடத்துல தழும்பு வேற விழும் அண்ணா. விளிம்பு அசிங்கமாப் போயிரும்” என்றாள் அத்தை.

நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

யுவராணி கையையும் பரிசலையும் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மேசைமேல் இருந்த பரிசல்காரரை எடுத்தாள். ஓட்டைப் பரிசலின் விளிம்பில் அவரை உட்கார வைத்துப் பார்த்தாள். எதிர் விளிம்பில் மீன்காரம்மாவை வைத்தாள்.

“இவரு எப்படியும் இங்க ஒட்டிக்கிட்டுத்தான் உக்காரப்போறாரு. இந்தம்மா அங்க. இவங்களுக்கு அடியில வெட்டினா தழும்பு எப்படிங்கப்பா தெரியும்?”

அப்பா பொம்மைகளைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நீயே குறி.”

அவள் அச்சின்மேல் இரண்டு புள்ளிகள் வைத்தாள். பேனா வழுக்கியதில் ஒன்று புள்ளியாக இல்லாமல் புழுவாக இருந்தது. அப்பா கத்தியை எடுத்தார். வெட்டும்போது யாரும் மூச்சுவிடவில்லை. காவேரி மட்டும் விட்டாள். அவளுக்குச் சளி.

பழைய வழியைக் களிமண்ணால் அடைத்து, அச்சைத் திருப்பி வைத்து, அத்தை ரெசின் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அது மேசைமேல் ஓடியது. களிமண் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

“போச்சு” என்றாள் காவேரி.

“உன் வாயில போடணும்டி களிமண்ண” என்றாள் அத்தை.

அப்பா அச்சைத் துடைத்தார். களிமண்ணை இன்னும் ஆழமாகத் திணித்து, மேலே அட்டைப்பெட்டி ஒட்டுகிற நாடாவைச் சுற்றினார். மீண்டும் அத்தை ஊற்றினாள். இந்த முறை காற்று போகிற துளையில் ஒரு சிறு குமிழி எட்டிப்பார்த்து உடைந்தது. அதன் பின்னாலேயே ரெசின் வந்து விளிம்பு தட்டி நின்றது.

காத்திருந்தார்கள். அத்தை முறுக்கு டப்பாவைத் திறந்தாள். காவேரி மட்டும் சாப்பிட்டாள்.

அப்பா அச்சைப் பிரித்தார். பரிசலை எடுத்துக் கவிழ்த்தார். மூங்கில் பின்னல் ஒரு கோடு விடாமல் வட்டமாக ஓடியது. அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த முறை அவளுடைய கண் தெரியவில்லை.

“வடை போயி தட்டுவடையாயிருச்சு!” என்றாள் காவேரி.

அப்பா சிரித்தார். சத்தமாக இல்லை. ஆனால் சிரித்தார்.

மறுநாள் வியாழக்கிழமை முழுக்க ஊற்றினார்கள், பிரித்தார்கள், ஒட்டினார்கள். யுவராணி பரிசல்காரர்களை எடுத்துக் கொடுத்தாள். காவேரி மீன்காரம்மாக்களை எடுத்துக் கொடுத்தாள். அவர்களில் ஒருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அத்தை பார்த்துப் பிரித்து ஒட்டினாள். வெள்ளிக்கிழமை மதியம் கூரியர் வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது.

வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா போனை எடுத்தார். இந்த முறை வாசலுக்குப் போகவில்லை. யுவராணியின் பக்கத்திலேயே நின்று பேசினார்.

“சார், வணக்கங்க. வேற ஆளப் பாத்துக்குங்க. நான் வரலீங்க.”

திங்கட்கிழமை இரவு அப்பாதான் சோறு வடித்தார். கொஞ்சம் குழைந்துவிட்டது. யுவராணி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.